முறை சுற்றட்டும், தாய் சுற்ற வேண்டாம்

பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து உறவின்முறைப் பெரியவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பெரியவர்களே, அண்ணாச்சிமார்களே,

நான் பாளையம்பட்டிக்காரி. அருப்புக்கோட்டையில் மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவள். பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை என்று வருகிற எல்லா மனுவையும் எழுதுகிறேன். அவற்றில் ஒரு மனுவை எழுதும்போது மட்டும் உங்கள் முகங்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். பெற்ற பிள்ளைகள் கவனிக்கவில்லை, கோட்டாட்சியர் ஐயா ஒரு வழி செய்து தர வேண்டும் என்று வயதானவர்கள் கொடுக்கிற மனு அது.

உங்கள் முகம் ஏன் வர வேண்டும் என்று கேட்பீர்கள். அந்த வீடுகளில் பாகம் பிரித்த அன்று ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பேசி முடித்தவர்கள் நீங்கள். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தும் உங்களில் ஒருவருடையது. எந்தப் புஞ்சை யாருக்கு, கிணற்று மோட்டார் யாருக்கு எத்தனை மணி நேரம், வேப்பமரம் யார் எல்லையில் என்று பொழுது சாயும்வரை பேசியிருப்பீர்கள். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது, "அம்மாவை ஆளுக்கொரு மாசம் வச்சுக்கோங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பீர்கள். அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்த மடல்.

என்னிடம் மனு எழுத வந்த ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் தெருவும் வேண்டாம். மூன்று மகன்கள். மூத்தவர் விசைத்தறி ஓட்டுகிறார். நடுவுள்ளவர் திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார். இளையவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், ஒற்றை அறை லைன் வீட்டில் குடும்பம். தாய்க்கு மாதம் ஒரு வீடு. கணக்கு தமிழ் மாதக் கணக்கு. ஆனிக்கு 32 நாள் வந்த ஒரு வருடம், 31ஆம் நாள் இரவோடு எங்கள் முறை முடிந்தது என்று மூத்தவர் வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஆடி பிறந்தால்தான் எங்கள் கணக்கு என்று நடுவுள்ளவர் வீட்டில் சொல்லிவிட்டார்கள். 32ஆம் நாள் அந்தத் தாய் யார் கணக்கிலும் இல்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு டீயும் பன்னும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கோயில் மண்டபத்தில் படுத்திருந்து, விடிந்ததும் திருச்சுழி பஸ் ஏறியிருக்கிறார்.

அவர் கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. ரேஷன் கார்டு நகலை எடுப்பதற்காக ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். இரண்டு சேலை, ஒரு துண்டு, ரப்பர் பேண்டு போட்ட மாத்திரை அட்டைகள், ஒரு எவர்சில்வர் தம்ளர். தம்ளர் எதற்கு என்று கேட்டேன். "போற வீட்டுல எதை எடுத்துக் குடிக்கிறதுன்னு சங்கடமா இருக்கும் தாயி. இது என்னுது" என்றார். அடியில் அவர் கணவர் பெயர் வெட்டியிருந்தது. மாதம் எவ்வளவு பணம் கேட்டு எழுதட்டும் என்றதற்கு, "பணம் எதுக்கு? ஒரே எடத்துல இருக்கணும்னு எழுது" என்றார். மனுவில் தொகை எழுத இடம் உண்டு. அவர் கேட்டதை எழுத இடமில்லை. கடைசியில் தனித்தாளில் எழுதி இணைத்தேன்.

மாத்திரை அட்டையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் அவர் பெயர் மூத்த மகன் தெருவில் பதிவாகியிருக்கிறது. மாத்திரை கொண்டுவரும் தங்கச்சி அந்தத் தெருவுக்கு வருகிற நாளில் இவர் திருச்சுழியில் இருப்பார், அல்லது திருப்பூரில் இருப்பார். மூத்த மருமகள் வாங்கி வைத்தாலும் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் கிடைக்காது. அழுத்த மாத்திரையை நினைத்தால் போட்டு நினைத்தால் விட்டால் என்ன ஆகும் என்று உங்கள் வயதில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீடு பிரிந்ததால் வந்த நோய் என்று எந்த மருத்துவச் சீட்டிலும் எழுத மாட்டார்கள். ஆனால் அந்த அம்மாவின் நோயில் பாதி அந்த மஞ்சள் பையில் இருந்தது.

அந்த மூன்று மகன்களையும் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லி நான் முடித்துவிட மாட்டேன். மூத்தவர் விசாரணைக்கு வந்தபோது பார்த்தேன். தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்ட, கடனில் இருக்கிற மனிதர். "சொத்துல மூணு பங்கு, அம்மா பாட்டுலயும் மூணு பங்கு. நான் என்னத்தக் கூடக் கொறச்சுச் செஞ்சேன்?" என்று மனதாரக் கேட்டார். அவர் கணக்குப்படி அவர் நியாயமாகத்தான் நடந்திருக்கிறார். பிழை மகனிடம் இருப்பதைவிட அவருக்கு நாம் போட்டுக் கொடுத்த ஏற்பாட்டில் இருக்கிறது. ஏற்பாடு போட்டவர்கள் நீங்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தக் காலத்து ராமநாதபுரம் சீமையில் வணிகம் செய்ய வந்த நாடார்கள் காலூன்றிய ஆறு ஊர்களில் நம் பாளையம்பட்டியும் ஒன்று. விருதுநகர், சிவகாசி, திருமங்கலம், சாத்தங்குடி, அருப்புக்கோட்டை மற்றவை. ராபர்ட் ஹார்டுகிரேவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1969இல் வெளியிட்ட நாடார் வரலாற்று நூலில் இந்த ஆறு ஊர்களையும், இங்கே உறவின்முறை என்ற சமூகச் சபையும் மகமையும் எப்படி நடந்தன என்பதையும் விரிவாக எழுதியிருக்கிறார். வாங்கி விற்கிற சரக்கில் ஒரு சிறு பங்கு மகமையாகப் போய்ப் பொதுப்பணம் ஆயிற்று. வண்டி மாடு நிறுத்தப் பேட்டை, கும்பிடக் கோயில், குடிக்கக் கிணறு, பிள்ளைகள் படிக்கப் பள்ளி எல்லாம் அந்தப் பணத்தில் எழுந்தன. காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து வைத்த கதையை நம் ஆச்சிமார்கள் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஒரு வீட்டில் அண்ணன் தம்பிக்குள் சண்டை என்றால் அது அந்த வீட்டுச் சண்டையாக மட்டும் இருந்ததில்லை. உறவின்முறைக்கு வரும், பேசித் தீரும். ஒரு வீடு உடைந்தால் அந்த வீட்டுக் கடை உடையும், கடை உடைந்தால் மகமை குறையும் என்று அன்றைக்கு இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. வானம் பார்த்த கரிசல் பூமியில் ஒற்றை ஆளாக நின்று யாரும் பிழைத்ததில்லை.

அந்த அமைப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று. அங்கே பொறுப்பு ஒருவர் கையிலேயே தங்காது, முறைகாரர்களிடையே மாறி மாறிப் போகும். பணம் ஒரே இடத்தில் பத்திரமாக இருக்கும், பார்த்துக்கொள்கிறவர் மாறுவார். நம் வீடுகளில் இதைத் தலைகீழாக்கிவிட்டோம். பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் அவரவர் வீட்டில் அசையாமல் இருக்கிறார்கள், வயதான தாய் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறாள். என் கோரிக்கை இதுதான், பெரியவர்களே. முறை சுற்றட்டும், தாய் சுற்ற வேண்டாம். அவர் வாழ்ந்த வீட்டில், அவர் தம்ளர் இருக்கிற அலமாரி உள்ள வீட்டில், அவர் இருக்கட்டும். பிள்ளைகள் முறை வைத்து வரட்டும், சோறு வரட்டும், மாத்திரை வரட்டும், ராத்திரித் துணைக்கு ஒரு பேரன் வரட்டும்.

குடும்ப ஒற்றுமையை நம்மைப் போலவே தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற இன்னொரு மக்கள் சீனர்கள். குடும்பம் இணக்கமாக இருந்தால் எல்லாக் காரியமும் செழிக்கும் என்ற பொருளில் அழகாக எழுதிச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டுவது அங்கே வழக்கம். பெற்றவரைப் பேணுவதே எல்லா ஒழுக்கத்துக்கும் வேர் என்று கன்பூசியஸ் வழியில் வந்தவர்கள் நம்பினார்கள். நம்பிக்கையோடு விடாமல் அதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரத் துறையினர் அங்குள்ள ஜாக்கி கிளப் கொடுத்த பொருளுதவியோடு 2007இல் குடும்பங்களைப் பற்றி ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கினார்கள். உடல்நலம், மகிழ்ச்சி, இணக்கம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். குடும்ப இணக்கத்தை அளப்பதற்கு என்றே கேள்விகள் தயாரித்து 2016இல் வெளியிட்டார்கள். அதில் இணக்கத்துக்கு ஐந்து கூறுகள். மனம் விட்டுப் பேசுவது, சண்டையைத் தீர்த்துக்கொள்வது, பொறுத்துப் போவது, சேர்ந்து பொழுது கழிப்பது, நாம் ஒரு குடும்பம் என்ற உணர்வு. இணக்கம் கூடுதலான வீடுகளில் மனச்சோர்வு குறைவாக இருந்தது. 2014இல் போராட்டத்தால் அந்த நகரமே கொந்தளித்தபோதும், முன்பே வீட்டில் இணக்கம் இருந்தவர்கள் நீடித்த மனச்சோர்வில் சிக்குவது குறைவாக இருந்ததை அதே ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இந்த ஐந்தில் நம் ஊரில் எதை வளர்த்தோம் என்று யோசித்துப் பாருங்கள். பொறுத்துப் போவது ஒன்றைத்தான். அதையும் யாருக்குச் சொன்னோம்? வீட்டுக்கு வந்த மருமகளுக்குச் சொன்னோம். "கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்று பெண்ணைப் பெற்றவர்களும் சொன்னார்கள், நீங்களும் சொன்னீர்கள். பேசுவது, தீர்ப்பது, சேர்ந்திருப்பது என்ற மற்றவற்றுக்கு யாரும் மெனக்கெடவில்லை. ஒருவரே பொறுத்துக்கொண்டு மற்றவர்கள் நிம்மதியாக இருப்பதற்கு ஒற்றுமை என்று பெயர் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அப்படி அடக்கி வைத்த வீடுதான் மாமனார் காரியம் முடிந்த பதினாறாம் நாளே கோர்ட்டுக்குப் போகிறது.

மாமியாருக்குச் சோறு போடுகிற கையும், படுக்கையில் விழுந்தால் துணி மாற்றுகிற கையும் மருமகளுடையது. ஆனால் பாகம் பேசுகிற ஜமுக்காளத்தில் அவளுக்கு இடமில்லை. முறை போட்டது அவளைக் கேட்டுப் போட்டதா? பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீசுக்கும் மில்லுக்கும் காலையில் போய் இருட்டித் திரும்புகிறவர்கள். வீட்டில் இருக்கும் நேரம் எவ்வளவு, எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று அவர்கள் வாயால் சொல்லக் கேட்காமல் போட்ட முறை எத்தனை நாள் ஓடும்?

மகள்களைப் பற்றியும் பேச வேண்டும். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் வந்தது, நாடு முழுக்க 2005இல் வந்தது. நம் பக்கம் இன்னும் அக்கா தங்கச்சிகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தீபாவளிச் சீரோடு கணக்கை முடிக்கிறோம். பிறகு தாய்க்கு முடியாமல் போகும்போது ஓடி வருகிறவள் அந்த மகள்தான். மகள் வீட்டில் தங்கினால் ஊர் ஏசும் என்று தாய் திரும்பிப் போகிறாள். நான்கு வழிச்சாலை வந்த பிறகு ரோட்டோரப் புஞ்சைக்கு என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் புஞ்சையில் மகளுக்கும் நேர்மையாகப் பங்கு கொடுங்கள், முறையிலும் அவள் பெயரைச் சேருங்கள். தாய்க்கு மகளோடு இருக்கத்தான் விருப்பம் என்றால் அங்கே இருக்கட்டும், மகன்கள் மாதச் செலவை அங்கே அனுப்பட்டும். அதில் எந்த மகனுக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை என்று சபையில் எழுந்து சொல்ல உங்களால்தான் முடியும். நான் சொன்னால் எடுபடாது.

சீனர்களிடம் கேட்டுக்கொள்ள இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பிள்ளைகள் நகரங்களுக்கு வேலைக்குப் போய்விட, முதியவர்கள் கிராமத்தில் தனித்து நிற்பது அங்கேயும் பெரும் பிரச்சினை. பெற்றோரைத் தனியே விட்டு வாழும் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். 2013 ஜூலை 1ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கே வூசி நகர நீதிமன்றம், 77 வயதுத் தாயை மகள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும், பண்டிகை நாட்களிலும் வர வேண்டும் என்று உத்தரவிட்டது. நீதிமன்றம் சொல்லி வருகிற மகளின் முகத்தை அந்தத் தாய் எப்படிப் பார்த்திருப்பார் என்று நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. சட்டத்தால் ஆளை வரவழைக்கலாம், மனதை வரவழைக்க முடியாது. சீனத்தில் உள்ளவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது. அதனால் ஊர்தோறும் சமரசக் குழுக்களை வைத்திருக்கிறார்கள், 2011இல் அதற்குத் தனிச் சட்டமும் அமலுக்கு வந்தது. ஷாங்காய்ப் பக்கம் குடும்பச் சண்டையைப் பேசித் தீர்க்கிறவரைத் தாய்மாமன் என்றுதான் அழைக்கிறார்கள். அண்ணன் தம்பி பிரிகிறபோது தாயின் உடன்பிறந்தவர் நடுவில் உட்கார்வது அங்கேயும் வழக்கமாக இருந்திருக்கிறது. நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

நம் சட்டமும் சமரசத்தைத்தான் முதலில் தேடுகிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் வந்தது. மனுவைக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் விசாரிக்கிறது. நமக்கு அது அருப்புக்கோட்டையிலேயே இருக்கிறது. வக்கீல் வைத்து வாதாடத் தேவையில்லை, பெற்றவர் தாமே பேசலாம். நோட்டீஸ் போனதிலிருந்து 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தரலாம். முடியாதவர்களுக்காகப் பதிவுபெற்ற ஓர் அமைப்பு மனுக் கொடுக்கவும் அதில் வழி உண்டு. விசாரணைக்கு முன்னால் சமரச அலுவலர் ஒருவரிடம் அனுப்பி, ஒரு மாதத்துக்குள் இணக்கம் காணச் சொல்லவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அந்தச் சமரச வேலைக்குத் தகுந்த ஒருவரைத் தீர்ப்பாயமே நியமிக்கலாம். உங்களில் பலருடைய சங்கங்கள் பதிவு பெற்றவை. நாலு பேர் மதிக்கிற, வாயால் தேன் தடவாமல் நியாயம் பேசுகிற ஆணையும் பெண்ணையும் தேர்ந்தெடுத்து, இவர்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று கோட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அந்தக் கடிதத்தை நானே இலவசமாக எழுதித் தருகிறேன்.

பத்திரம் எழுதும்போதும் நீங்கள் கவனிக்க வேண்டியது உண்டு. பெற்றவர் பிள்ளை பேருக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிவிட்டு நடுத்தெருவுக்கு வந்த கதைகள் என்னிடம் வரும் மனுக்களில் ஏராளம். கவனித்துக்கொள்வோம் என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்து, பிள்ளை கவனிக்காவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய இதே சட்டத்தின் 23ஆம் பிரிவு வழி செய்கிறது. அப்படியொரு நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், முதியவரைக் காக்க வந்த சட்டத்தைத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று ஒரு தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்குக்கு வேலை வைக்காமல் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவதுதான் நல்லது. தாய் தகப்பன் ஆயுள் உள்ளவரை குடியிருக்கும் உரிமை இந்த வீட்டில் அவர்களுக்கே என்று ஒரு பாராவும் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பாரா இல்லாத பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டோம் என்று உறவின்முறை முடிவெடுத்தால், நம் வட்டாரத்தில் பாதி மனுவுக்கு வேலையே இருக்காது. என் பிழைப்பு குறைந்தால் குறையட்டும்.

உங்களிடம் இவ்வளவு கேட்கிறவள், உங்கள் அமைப்பின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. அபராதம், ஒதுக்கி வைத்தல் என்று ஊர்க்கூட்டங்கள் அழித்த வாழ்க்கைகளும் இருக்கின்றன. சாதி விட்டுச் சாதி விரும்பிய பிள்ளைகளுக்குச் சமூகத்தின் பெயரால் நேர்ந்த கொடுமைகளை நாம் எல்லோரும் அறிவோம். கட்டப் பஞ்சாயத்துகள் சட்டவிரோதமானவை, அவற்றை ஒழிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொன்னது. வயது வந்த இருவரின் திருமணத்தில் எந்தக் கூட்டமும் தலையிடக் கூடாது என்று 2018இலும் சொன்னது. அந்த அதிகாரத்தை மீட்டுக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. யாருக்கும் அபராதம் போட வேண்டாம், யாரையும் மிரட்ட வேண்டாம். விரும்பாதவர் எழுந்து போகலாம், சட்டத்துக்குப் போகலாம். அப்படிப்பட்ட பேச்சுத்தான் பேச்சு. அடித்து வைத்த ஒற்றுமை எனக்கு வேண்டாம்.

சொல்லக் கூசுகிற இன்னொன்றும் இருக்கிறது. 2010 வாக்கில், முடியாத முதியவரை வீட்டாரே சாகடிக்கிற தலைக்கூத்தல் என்ற சொல் ஊர் உலகத்துப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தபோது, கூடவே வந்த பெயர் நம் விருதுநகர் மாவட்டம். பின்னால் சினிமாவாகவும் எடுத்தார்கள். தேசிய விருது வாங்கிய 'பாரம்' அதைப் பற்றியதுதான். முடியாமல் கிடந்தவருக்கு விடுதலை கொடுத்தோம் என்று சொல்லி அதை மூடி மறைத்தவர்கள் இருக்கிறார்கள். அது கொலை. ஒரு வீடு அந்த இடத்துக்கு ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. முறைச் சண்டையில் தொடங்கி, பாரம் என்ற சொல்லைச் சாடையாகப் பேசி, பிறகு வெளிப்படையாகப் பேசி வந்து சேர்கிறது. தானே பாரம் என்று நம்பிவிட்ட முதியவர் சாப்பிடுவதைத் தானாகவே குறைத்துக்கொள்கிறார். மனு எழுத வருகிறவர்களின் கையைப் பிடித்துப் பார்க்கும்போது எனக்கு அது தெரிகிறது. தொடக்கத்திலேயே ஒரு பெரிய மனிதர் அந்த வீட்டு வாசல்படி ஏறி, "எப்படி ஆத்தா இருக்க?" என்று கேட்டிருந்தால் பல வீடுகளில் அங்கேயே நின்றிருக்கும்.

திருச்சுழிக்காரர்களுக்கு நான் ரமணரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1879இல் உங்கள் ஊரில் பிறந்தவர். 1892இல் தகப்பனார் இறந்ததும் அந்த வீடும் பிரிந்தது. மூத்த பிள்ளைகள் மதுரையில் ஒரு சித்தப்பா வீட்டில், தாயும் சின்னப் பிள்ளைகளும் மானாமதுரையில் இன்னொரு சித்தப்பா வீட்டில். 1896இல், அப்போது வேங்கடராமன் என்ற பெயரில் இருந்த அவர் எல்லாவற்றையும் விட்டுத் திருவண்ணாமலைக்குப் போனார். தாய் அழகம்மாள் தேடிப்போய் அழைத்தும் திரும்பவில்லை. ஆனால் 1916இல் அதே தாய் மலைக்கு வந்து சேர்ந்தபோது அவரைத் தம்மோடு வைத்துக்கொண்டார். நோயில் கிடந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். 1922 மே 19ஆம் தேதி தாயின் கடைசி நாள் முழுக்க அவர் நெஞ்சிலும் தலையிலும் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். வீடு, சொத்து, பெயர் எல்லாம் துறந்தவர் தாயை இன்னொரு வீட்டுக்கு முறை மாற்றி அனுப்பவில்லை. பாகப் பத்திரம் எழுத உட்காரும்போது அவர் பிறந்த ஊர்க்காரர்களான நீங்கள் அதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு வீட்டில் பாகம் பேசக் கூப்பிட்டால், புஞ்சையைத் தொடுவதற்கு முன்னால் தாய் தகப்பன் எங்கே இருப்பார்கள் என்பதைப் பேசுங்கள். அவர்களையே கேளுங்கள். சபையில் கேட்டால் பிள்ளைகளுக்குப் பயந்து, "எங்க இருந்தா என்ன" என்றுதான் சொல்வார்கள். தனியே உட்கார வைத்துக் கேளுங்கள். மருமகள்களையும் மகள்களையும் ஜமுக்காளத்தில் உட்கார வையுங்கள். இன்ன வாரம் இன்னார் சோறு, இன்ன நாள் இன்னார் ஆஸ்பத்திரி, திருப்பூரில் இருப்பவர் வர முடியாததற்கு ஈடாக மாதம் இவ்வளவு பணம் என்று நோட்டுப் போட்டு எழுதுங்கள். ஆனிக்கு 32 நாள் என்பதையும் எழுதுங்கள். மாத்திரை எந்த முகவரிக்கு வர வேண்டும் என்று சுகாதார நிலையத்தில் சொல்லிப் பதிந்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒருவர் போய் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளையே இல்லாத முதியவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். மண்டப வாடகையிலும் மகமையிலும் ஒரு பகுதியை அவர்கள் சோற்றுக்கு ஒதுக்குங்கள். அரசு கொடுக்கிற மாத உதவித்தொகை மருந்துக்கும் டீக்கும்தான் காணும். பக்கத்துத் தெருவில் வேறு சமூகத்து முதியவர் அப்படி இருந்தால் அவர் வாசலிலும் நில்லுங்கள். பசிக்கு உறவின்முறை தெரியாது.

வருகிற பங்குனிப் பொங்கலுக்குக் கணக்கு வழக்குப் பார்க்க நீங்கள் கூடுவீர்கள். கரகம், முளைப்பாரி, மைக் செட்டு பற்றிப் பேசுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைச் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்க ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பிள்ளை,
பாளையம்பட்டி.